தண்ணீரில் அணையாத சிவப்பு

சபூரா சிட்னியில் முதலில் செய்த வேலை போத்தல் கழுவுவது. இதை நான் இரகசியம் போலச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் அவளே இதைத்தான் முதலில் சொல்லுவாள். "நான் கழுவுற அறையால உள்ளுக்கு வந்தனான்," என்பாள்.

அக்கரைப்பற்றில் பிறந்தவள். பேராதனையில் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் எடுத்தவள். 1985 ஜனவரி வெயிலில் கணவர் மீரா முகைதீனோடு வந்து இறங்கினாள். அவர் பரமட்டாப் பக்கம் பஸ் ஓட்டினார். அவள் ஒரு வருடம் முழுக்க விண்ணப்பக் கடிதங்கள் எழுதினாள். பதில் வந்தவற்றிலெல்லாம் "உள்ளூர் அனுபவம்" என்ற இரண்டு சொற்கள் இருந்தன. கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பகுதியில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ ஆள் தேவை என்று பத்திரிகையில் பார்த்தாள். பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்தாள்.

எனக்கு அவளைத் தெரியவந்தது என் கணவர் விக்னராஜாவால். இவர் அதே பல்கலைக்கழகத்தின் பட்டறையில் வேலை பார்த்தவர். ஊரில் ரேடியோவும் ரீவியும் திருத்தியவர். இங்கே ஆய்வுகூடங்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்து கொடுத்தார். நான் பரமட்டாவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. இரசாயனம் படித்தவள் அல்ல. ஆகவே இதில் விளக்கம் ஏதும் பிழைத்திருந்தால் அந்தப் பிழை என்னுடையது. கண்ணால் கண்டதைச் சொல்லும் இடங்களில் பிழை இல்லை.

1987 குளிர்காலத்தில் ஒரு நாள், கழுவ வந்த தட்டில் ஒரு சிறு குப்பியின் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவலாமா என்று கேட்க, தட்டோடு மாடிக்குப் போனாள் சபூரா. அது டொக்டர் ஹெலன் பிரைஸ் என்பவரின் ஆய்வுகூடம். அறையில் ஆள் இல்லை. மேசையில் ஊதாக்கடந்த விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கள்ள நோட்டுக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. தட்டை அதன் அருகில் இறக்கினாள். நிறமே இல்லாத அந்த ஒட்டல் திடீரென்று சிவந்தது. மாதுளம் முத்தைப் பிளந்தது போன்ற சிவப்பு.

தட்டைத் தூக்கினாள், சிவப்பு இல்லை. இறக்கினாள், சிவப்பு. இப்படி ஏழெட்டுத் தடவை. பிறகு கழுவுகிறவளின் கைப்பழக்கத்தில் தன் பையிலிருந்த தண்ணீர் பீச்சும் சிறு போத்தலை எடுத்து அதில் நாலு துளி விட்டாள். சிவப்பு அணைந்து போனது.

"ஐயோ!" என்று வாய்விட்டுச் சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் ஹெலன் நிற்கிறார். ஐம்பது வயதைத் தொடும் நெட்டையான பெண்.

"நீங்கள் எதையும் கெடுக்கவில்லை," என்றார் ஹெலன். "தண்ணீர் எப்போதும் இதைத்தான் செய்கிறது. பதினொரு மாதமாக எனக்கும் அதற்கும் சண்டை."

"இது என்ன?"

"யூரோப்பியம். அருமண் உலோகங்களில் ஒன்று. உங்கள் வீட்டுக் கலர் ரீவியில் தெரிகிற சிவப்பும் இதுதான்."

சபூரா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "தண்ணீர் அதில் எங்கே போய் ஒட்டுகிறது? உலோகத்திலா, அதைச் சுற்றி இருப்பதிலா?"

ஹெலன் அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "நீங்கள் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை ஆஸ்திரேலியாவில் அவளிடம் கேட்ட முதல் ஆள் ஹெலன்தான். இரண்டு மாதத்தில் அவள் பாதி நாள் கழுவுவதும் பாதி நாள் மேலே வேலை செய்வதுமாக ஆனாள். 1989இல் முழுநேரமாக மேலே போய்விட்டாள்.

என்ன செய்கிறாள் என்று அவள் எனக்கு விளங்க வைத்தது எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். ஒரு கடலையை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"ரஞ்சினி, இந்தக் கடலைதான் உலோகம். இதுக்கு வெளிச்சம் குடுக்கத் தெரியும், ஆனா வெளிச்சத்தப் பிடிக்கத் தெரியா. அதால இந்த விரல் ஒவ்வொன்டும் அன்டெனா. விளக்கு வெளிச்சத்த விரல் பிடிச்சு உள்ள குடுக்கும். கடலை அத வாங்கிச் சிவப்பாக்கி வெளிய விடும். விளங்குதா?"

"ஓம்."

"இப்ப விரல் இடுக்கப் பாருங்க. தண்ணி இதுக்குள்ளால வந்து கடலையில முட்டும். முட்டினா, வெளிச்சத்த அது வாங்கிக் குடிச்சிரும். வெளிய ஒன்டும் வராது."

"அப்ப தண்ணி இல்லாமல் வைச்சால் என்ன?"

"மனிசன்ட உடம்பு முழுக்கத் தண்ணிதானே?" என்றாள். "உடம்புக்குள்ள, ரத்தத்துக்குள்ள எரிஞ்சாத்தான் அது ஒரு விளக்கு."

அவளுடைய வேலை அந்த விரல்களைத் திட்டம் போட்டுச் செய்வது. ஒரு விரலை நீட்டுவது, இன்னொன்றை மடக்குவது, நுனியில் ஒரு காபன் அணுவைக் கூட்டுவது. முதலில் கடதாசியில் வரைவாள். பிறகு பிளாஸ்டிக் உருண்டையும் குச்சியும் வைத்துக் கட்டிப் பார்ப்பாள். அதன் பிறகு உண்மையாகவே செய்ய மூன்று நாலு மாதம் எடுக்கும். செய்து முடித்த வெள்ளைத் தூளை ஸ்பிரிட்டில் கரைத்தால் சிவப்பாக எரியும். தண்ணீரில் போட்டால் அணையும். இருபத்திரண்டு தடவை இப்படி நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டுக் கொப்பியில் எழுதினாள். ஆறு வருடம் போனது.

இருபத்துமூன்றாவது முழுதாக அணையவில்லை. மங்கலாக, பார்த்தும் பாராததுமாக ஒரு சிவப்பு நின்றது. அப்போதுதான் ஹெலன் கனநீர் வாங்கினார். அது தோற்றத்தில் சாதாரணத் தண்ணீர் போலவே இருக்கும். ஆனால் வெளிச்சத்தை அந்தளவுக்குக் குடிக்காது. ஒரே தூளைத் தண்ணீரிலும் கனநீரிலும் கரைத்து, விளக்கை அணைத்த பிறகு சிவப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டிலும் அளந்தால், அந்த வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்குப் போடலாமாம். உலோகத்தோடு எத்தனை தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன என்பதுதான் அந்தக் கணக்கு.

அளந்தார்கள். தண்ணீரில் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பாதிகூட நிற்கவில்லை. கனநீரில் அதைப் போல நான்கு மடங்கு நின்றது. சபூரா கணக்கைப் போட்டாள். விடை 1.99.

அன்று பின்னேரம் இவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "ரஞ்சினி, அந்தப் பிள்ளை இண்டைக்குத் தண்ணியை எண்ணிப்போட்டாள்."

"என்ன கதைக்கிறியள்?"

"ரெண்டு. அந்த உலோகத்திலை ரெண்டே ரெண்டு தண்ணி ஒட்டியிருக்குதாம். எந்த நுணுக்குக்காட்டியாலையும் காணேலாது. ஒரு விளக்கும் ஒரு மணிக்கூடும் வைச்சு எண்ணிப்போட்டாள்!"

எனக்கு அன்றைக்கு அதன் பெருமை முழுதாக விளங்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றும்போது கோப்பையைப் பார்த்தேன். இதற்குள் எத்தனை கோடி கோடி இருக்கும்? அதில் எந்த இரண்டு, எங்கே இருக்கின்றன என்று ஒருத்தி சொல்லுகிறாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தேன்.

ஆனால் சபூராவுக்கு அது தோல்வி. அந்த இரண்டையும் வெளியே தள்ள வேண்டும். மூன்று வருடம் முயன்றாள். தண்ணீர் நுழையும் அந்தக் கதவைச் சாத்தினால் விரல்கள் நெருக்குப்பட்டு உலோகத்தையே விட்டுவிடும். திறந்தால் தண்ணீர் வந்துவிடும்.

இடையில் 1994இல் மீரா முகைதீனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. பஸ் ஓட்டுகிறவர்கள் வழியில் இறங்க முடியாது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள், அவரும் அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனவர் தொழ முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு முழு நாள் சிறுநீரைப் பெரிய போத்தலில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். முடிவு வர இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. சிறுநீரில் சிட்ரேட் என்ற பொருள் குறைவு, அது குறைந்தால் கல் கட்டும், எலுமிச்சம் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார்கள். எலுமிச்சையைப் புளிக்க வைக்கிற அதே சிட்ரிக் அமிலத்தின் உப்புத்தான் சிட்ரேட். அதன் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணீருக்கு முதல் எலுமிச்சம் தண்ணீர்தான் வரும்.

1996இல் பல்கலைக்கழகத்தில் கையால் கழுவுவதை நிறுத்திவிட்டு ஒரு பெரிய கழுவும் இயந்திரம் வாங்கினார்கள். அதிலிருந்து வந்த பன்னிரண்டு குப்பிகளில் சபூரா இருபத்துமூன்றாவதைத் தண்ணீரோடு ஊற்றி விளக்கின் கீழ் வைத்தாள். எட்டில் வழக்கமான மங்கல். நான்கில் சிவப்புக் கொழுந்துவிட்டு எரிந்தது.

ஹெலன் பார்த்தார். "குப்பியில் அழுக்கு. கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்."

மறுபடி செய்தாள். இந்த முறை மூன்று எரிந்தன. அடுத்த முறை நான்கு.

"இயந்திரம் சரியாகக் கழுவவில்லை," என்றார் ஹெலன் எரிச்சலோடு. "புதுக் குப்பி வாங்கலாம்."

வேறு யாராக இருந்தாலும் புதுக் குப்பியை எடுத்து வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். ஆனால் சபூரா பாத்திரம் கழுவியவள். அழுக்கு என்ற சொல் அவளுக்குப் பதில் அல்ல. என்ன அழுக்கு, எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். குப்பிகளில் பேனையால் எண் போட்டு, தட்டில் எது எந்த இடத்தில் நின்றது என்று எழுதிவைத்துக் கழுவக் கொடுத்தாள். எரிந்தவை எல்லாம் வலப்பக்க மூலையில் நின்றவை.

நிலக்கீழ் அறைக்கு இறங்கினாள். முழங்காலில் இருந்து தலையை இயந்திரத்துக்குள் விட்டுப் பார்த்தாள். தண்ணீர் பீச்சும் குழாயின் கடைசித் துளையை ஒரு துண்டு லேபல் கடதாசி அடைத்திருந்தது. கடைசித் தண்ணீர் அந்த மூலைக்குப் போகவே இல்லை. அப்படியானால் அதற்கு முதல் போன ஏதோ ஒன்று அங்கே தங்கிவிட்டது. சோப்புக்குப் பிறகு இயந்திரம் தானாக எடுத்துக்கொள்ளும் திரவம் ஒன்று பக்கத்தில் பிளாஸ்டிக் கலனில் நின்றது. கலனைத் திருப்பி லேபலை வாசித்தாள்.

சிட்ரிக் அமிலம்.

இரண்டு மாடியையும் படியால் ஏறினாள், லிஃப்டுக்காகக் காத்திருக்கவில்லை. புதுக் குப்பி ஒன்றில் இருபத்துமூன்றாவதை ஊற்றினாள். மங்கல். அலுமாரியிலிருந்த சிட்ரேட் உப்பைக் கரைத்து ஒரு துளி விட்டாள். துளி விழுந்த இடத்திலிருந்து சிவப்பு ஒரு நூல் போலக் கீழே இறங்கியது. பிறகு விரிந்தது. பிறகு குப்பி முழுவதும் சிவப்பு. சுற்றி நிறையத் தண்ணீர், அதற்குள் நின்று எரிகிறது.

ஹெலனைக் கூப்பிட்டாள். ஹெலன் வந்து கதிரையில் இருந்தார். எழும்பினார். மறுபடி இருந்தார்.

"சிட்ரேட் அந்த இரண்டு தண்ணீரையும் தள்ளிவிட்டு அதே இடத்தில் போய் இருக்கிறது," என்றாள் சபூரா. "நாங்கள் சாத்தப் பார்த்த கதவால்தான் அது உள்ளே போயிருக்கிறது."

அடுத்த ஒரு கிழமை கையில் அகப்பட்டதையெல்லாம் துளித்துளியாக விட்டுப் பார்த்தாள். சீனி, உப்பு, வினாகிரி, யூரியா. எதற்கும் அது கண் திறக்கவில்லை. அப்பச் சோடாவுக்கு மட்டும் கொஞ்சம் எரிந்தது. சிட்ரேட்டுக்கு முழுதாக எரிந்தது. கூடுதலாக விட்டால் கூடுதலாக, குறைய விட்டால் குறைய எரிந்தது. மூன்று வருடமாக அவள் குறையென்று நினைத்திருந்த அந்த இரண்டு இடங்களும் நாக்குப் போல ருசி பார்த்தன.

வீட்டில் மேசைக்கு எதிரில் இருந்து மீரா முகைதீன் எலுமிச்சம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அடுத்தது தோன்றியது. ஒரு முழு நாள் சேர்த்து, இரண்டு கிழமை காத்திருந்து அறிந்ததை ஒரு துளியில், ஒரு நிமிடத்தில் அறியலாம் அல்லவா?

"இஞ்ச பாருங்க," என்றாள், "ஒங்கட சிறுநீர் கொஞ்சம் வேணும்."

மீரா முகைதீன் குவளையை வைத்தார். "பதினொரு வருசம் குடும்பம் நடத்தி இப்பிடி ஒரு கேள்வி கேக்குற ஆள நான் காணல்ல," என்றார்.

உடனே நடக்கவில்லை. சிறுநீரில் அப்பச் சோடாவின் குணமுள்ள உப்பும் இருக்கிறது. அதற்கு மசியாமல் சிட்ரேட்டுக்கு மட்டும் இடம் கொடுக்கிற மாதிரி விரல்களைத் திருத்த வேண்டும். ஒரு விரலின் நுனியை மாற்றினாள், இன்னொன்றின் மின்னேற்றத்தை மாற்றினாள். அதற்கு இரண்டரை வருடம். முப்பத்தெட்டாவது எண் சரியாக வந்தது.

அதை மீரா முகைதீனின் சிறுநீரில் விட்டு விளக்கைப் போட்டாள். குப்பி முழுவதும் நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. சிவப்பைக் காணவில்லை. ஒன்றும் விடாத வெறும் சிறுநீரை வைத்தாள். அதுவும் அப்படியே ஒளிர்ந்தது. மனிதரின் சிறுநீருக்கு ஊதாக்கடந்த ஒளியில் தானாகவே ஒளிரும் குணம் இருக்கிறது. அந்த வெளிச்சத்துக்குள் சிவப்பு மூழ்கிவிட்டது.

இதைச் சொல்லி அவள் அழுதது பல்கலைக்கழகத்தில் அல்ல, எங்கள் வீட்டில். பன்னிரண்டு வருடத்தில் அவள் அழுது நான் கண்டது அன்றுதான். இவர் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்த நீலம் விளக்கை நிப்பாட்டினால் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டார்.

"நேரமே இல்ல அண்ணன். ஒரு செக்கன்ட பத்துக் கோடியில ஒரு பங்கு."

"உங்கட சிவப்பு?"

"ஆயிரத்தில ஒரு பங்கு நிக்கும்."

"அப்ப ஏன் அழுறியள்?" என்றார் இவர். "நீலம் சாகட்டும். செத்தாப் பிறகு பாப்பம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இவர் செய்த கருவி ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுதான். பழைய கம்பியூட்டர் ஒன்றின் டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டரை எடுத்து, அதில் ஒரு தகட்டு வட்டத்தைப் பூட்டினார். வட்டத்தில் இரண்டு வெட்டுகள். வட்டம் சுழலும்போது முதல் வெட்டு விளக்குக்கு நேரே வரும். குப்பிக்கு வெளிச்சம் கிடைக்கும். அது கடந்து விளக்கு மறைந்து ஒரு கணத்தின் பின்னர்தான் மற்ற வெட்டுக் கண்ணுக்கு நேரே வரும். அந்தக் கணத்துக்குள் நீலம் செத்துவிடும். செக்கனுக்குத் தொண்ணூறு தடவை இப்படி நடப்பதால் கண்ணுக்கு விட்டுவிட்டுத் தெரியாது.

1999 மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். நானும் இவரும் ஹரிஸ் பார்க்கில் ஒரு கொண்டாட்டத்துக்கு இனிப்பு வாங்கப் போகிற வழியில் பட்டறைக்குப் போனோம். சபூரா ஐஸ் பெட்டியோடு நின்றாள். இவர் குப்பியை உள்ளே வைத்து மூடி, விளக்கைப் போட்டார். முதலில் என்னைத்தான் பார்க்கச் சொன்னார்கள், ஏனென்று தெரியாது. மோட்டரைப் போட முதல், வட்டத்தை ஒரு பக்கம் விலக்கிவிட்டுப் பார்த்தேன். நீலம், கண் கூசுகிற நீலம்.

"இப்ப பாரும்," என்று இவர் வட்டத்தை இடத்தில் வைத்து மோட்டரைப் போட்டார்.

அது சீறிக்கொண்டு வேகம் எடுத்தது. நீலம் எங்கே என்று தேடினேன். அது இல்லாமலே போய்விட்டது. முழு இருட்டு. அந்த இருட்டின் நடுவில் குப்பி தன்னந்தனியாகச் சிவப்பாக நின்றது. ஒரு சாடை அசைவு இல்லை. வேறு ஒன்றுமே உலகத்தில் இல்லாதது போல நின்றது. நான் கோயிலில் கற்பூரம் காட்டும்போது கும்பிடுகிறவள். கை அப்படியே கூடிவிட்டது. கூடிய பிறகுதான் அது மீரா முகைதீனின் சிறுநீர் என்ற எண்ணம் வந்தது. கையைப் பிரிக்கவில்லை.

சபூரா குனிந்து பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். "அல்லாஹ்," என்று மெல்லச் சொன்னாள்.

இவர் கடைசியாகப் பார்த்தார். "எத்தினையோ ரீவியளைத் திறந்து திறந்து பூட்டினனான். உந்தச் சிவப்பு ஒரு நாளும் இப்பிடி இருந்ததில்லை," என்றார்.

ஹெலன் ஓர் ஆஸ்பத்திரியோடு பேசி, கல் வந்த நோயாளர்களின் இருநூற்றுப் பத்து மாதிரிகளை வாங்கினார். ஆஸ்பத்திரியின் முடிவும் அந்தச் சப்பாத்துப் பெட்டியின் முடிவும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 2002இல் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் சபூராவுடையது, இரண்டாவது விக்னராஜா, கடைசியில் ஹெலன். மூன்று பெயரையும் தலைகீழாகப் போட வேண்டும் என்று பகுதித் தலைவர் சொன்னாராம். "அவர்கள் இருவரும் ஒன்றைக் கண்டார்கள். நான் அறைக்கு வாடகை கட்டினேன்," என்று ஹெலன் பதில் எழுதினாராம். அந்தக் கட்டுரையில் இவருடைய பெயர் அச்சில் இருக்கும் பக்கத்தை நான் இன்றைக்கும் வாசிக்கிறேன். தலைப்பைத் தாண்டி ஒரு வரிகூட விளங்காது.

ஆனால் அந்தக் கருவி ஆஸ்பத்திரிகளுக்குப் போகவில்லை. பார்க்க வந்த கம்பனிக்காரர் நல்லது என்றார்கள், பிறகு இதற்குச் சந்தை சின்னது என்றார்கள். 2004இல் ஹெலன் ஓய்வு பெற்றார். சபூராவின் வேலை கிழமைக்கு மூன்று நாளாகக் குறைந்தது. அவள் முறையிடவில்லை. அந்த மூன்று நாளில் வேறொன்றைத் தொடங்கினாள். சிட்ரேட்டை உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் தனக்குள் செய்கிறது. சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்கும் அதன் அடுப்புகளில் அது பிறக்கிறது. தன்னுடைய அந்தத் தூள் உயிரணுவுக்குள்ளே போய், அதைக் கொல்லாமல் அந்த அடுப்புகளில் குந்தி எரிந்தால்?

நாற்பத்தொன்றாவது எண் உயிரணுக்களைக் கொன்றது. நாற்பத்திரண்டு வாசலிலேயே நின்றுவிட்டது. நாற்பத்தாறு உள்ளே போனது என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் பார்க்கக் கருவி இல்லை. இவருடைய பெட்டியால் ஒரு குப்பியைப் பார்க்கலாம், ஓர் உயிரணுவைப் பார்க்க முடியாது. மெல்பர்னில் பத்மா என்ற பெண் இவர் செய்த அதே முறையில் வேலை செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்றை அமைத்திருந்தாள். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. கட்டுரையை வாசித்துவிட்டு அவளே எழுதினாள்: கொண்டு வாங்க, பார்க்கலாம்.

2006 ஒக்டோபர். சபூரா விமானத்தில் போக நினைத்தாள்.

"முக்காடும் போட்டுக்கொண்டு, பேரில்லாத வெள்ளைத் தூளோடை எயார்போட்டிலை போய் நிக்கப்போறியளோ?" என்றார் இவர். சபூராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் நாலு பேரும் காரில் போனோம். மீரா முகைதீன் சுபஹு தொழுகை முடித்துக் காரை எடுத்தார். கல்பர்ன் தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த புல்வெளி, வறட்சியில் வெளிறிய ஆடுகள். ஆல்பரியிலிருந்து இவர் காரை வாங்கி ஓட்டினார். நாற்பத்தாறு பின் ஆசனத்தில், ஐஸ் பெட்டிக்குள், சபூராவின் மடியில் வந்தது.

அடுத்த நாள் காலையில் பத்மா வாசலில் நின்றாள். "வாங்க வாங்க. நேத்தே எலித் தோல் செல்லைத் தயார் பண்ணி, உங்க காம்பவுண்டுக்கு டோஸும் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். ஒரு மணி நேரத்துல பார்த்துடலாம்," என்றாள்.

சிறிய அறை, திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. பத்மா கண்ணாடித் தட்டை வைத்து எதையோ திருகினாள். மேசையிலிருந்த திரையில் முதலில் மங்கல் பச்சையும் நீலமும் ஓடின. பிறகு சுழலும் சத்தம் கேட்டது. எல்லாம் கறுத்தது.

கறுப்பில் சிவப்புத் தோன்றியது. ஒரு புள்ளி அல்ல. நூல் நூலாக, சின்னச் சின்ன அவரை விதைகள் போல நூற்றுக்கணக்கில், நடுவில் ஒரு வட்ட இருட்டை விட்டு அதைச் சுற்றி நெருங்கி நின்றன. அவை அசைந்தன! மெல்ல ஊர்ந்தன. ஒன்று நீண்டு இரண்டானது. வேறு இரண்டு போய் ஒட்டிக்கொண்டன.

"அதுங்கதான் செல்லோட அடுப்புங்க," என்றாள் பத்மா. "இவ்வளவு சுத்தமா நானே பார்த்ததில்ல. மேடம், பின்னால ஒரு அழுக்குக்கூட இல்ல பாருங்க."

மீரா முகைதீன் சபூராவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இது உசிரோட இரிக்கா?"

"ஓம்," என்றாள் சபூரா. "இப்ப, இந்த நேரம் சாப்பிடுது."

"சுப்ஹானல்லாஹ்," என்றார் அவர். பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார்.

நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மூன்று மணியளவில் திரையின் ஓரத்தில் தட்டையாக இருந்த ஓர் உயிரணு உருண்டு திரண்டது. பத்மா மூச்சை இழுத்தாள். "பிரியப் போகுது, பாருங்க," என்றாள். அதற்குள் இருந்த சிவப்புகளெல்லாம் கலைந்து, இரண்டு பக்கமாக ஒதுங்கத் தொடங்கின. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவசரம் இல்லாமல், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இடுப்பு ஒடுங்கியது. ஒடுங்கி ஒடுங்கி ஓர் இழையாகி அறுந்தது. ஒன்றிருந்த இடத்தில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் அடுப்புகள் எரிந்துகொண்டு.

நாலு பிள்ளை பெற்ற வீட்டில் வளர்ந்தவள் நான், இரண்டு பெற்றவள். பிறப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். சபூராவின் இரண்டு கையும் மடியில் கிடந்தன, இரசாயனம் பட்டு நகங்கள் மஞ்சளித்த கைகள்.

நாலு மணிக்கு அறையை வேறொருவருக்கு விட வேண்டியிருந்தது. கதவைத் தட்டிக்கொண்டு வயதான பேராசிரியர் ஒருவர் உள்ளே வந்தார். பத்மா மன்னிப்புக் கேட்டு எழும்பினாள். சபூரா திரும்பிப் பார்க்காமல், ஆங்கிலத்தில், "இன்னும் ஐந்து நிமிடம்," என்றாள்.

அவர் கையில் இருந்த பெட்டியை நிலத்தில் வைத்தார். திரையைப் பார்த்தார். ஐந்து நிமிடம் போய், அரை மணியும் போனது. தன் முறை என்று அவர் கேட்கவே இல்லை.